காப்பு கட்டிய வாரத்துக் காய்ச்சல்

எனக்கும் தனலெட்சுமிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய் வெகுநாளாகியிருந்தது. பைப்படியில் வாளி வைப்பதில் தொடங்கிய சண்டை. என் வாளியை அவள் காலால் தள்ளினாள் என்று நான் சொன்னேன். அவள் முறையில் நான் புகுந்தேன் என்று அவள் சொன்னாள். அவளுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சின்னவளாயிற்றே என்று விட்டுக்கொடுக்கிற குணம் எனக்குக் கிடையாது. ராசம்மாவுக்கு வாய் நீளம் என்று லயம் முழுக்கப் பேர். அந்தப் பேரை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

சிங்கப்பூருக்கு வடக்கே, காஹாங் பக்கத்தில் காட்டை அழித்துப் போட்ட கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டம் அது. லயத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும். வீட்டுக்கு வீடு ஒரு பலகைத் தடுப்பு, அதுவும் கூரை வரை போகாது. ஆகவே பேசாவிட்டாலும் பக்கத்து வீட்டில் நடப்பதெல்லாம் காதில் விழும். தனலெட்சுமி தன் வயிற்றைத் தடவிக்கொண்டு பிள்ளையோடு பேசுவாள். "இன்னும் கொஞ்ச நாளுதான், அவசரப்படாத" என்பாள். அந்தப் பேச்சைக் கேட்கும்போது மட்டும் அவள்மேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சம் இறங்கும். ஏற்கனவே இரண்டு பிள்ளைகள் மாதம் நிறையாமலே போயிருந்தன. இது மூன்றாவது. எட்டாம் மாதத்தைத் தொட்டுவிட்டது.

அந்தப் பிள்ளை தங்க வேண்டும் என்றுதான் அவள் புருஷன் வீரமுத்து மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டான். வீரமுத்து அதிர்ந்து பேசத் தெரியாதவன். காலையில் பெரட்டுக்கு நிற்கும்போது கங்காணி அவன் பெயரைக் கூப்பிட்டால், அவன் சொல்கிற 'இருக்கேன்' பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. அப்படிப்பட்டவன் கோயில் வாசலில் நின்று எல்லார் காதிலும் விழும்படி நேர்ந்துகொண்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷத் திருவிழா அது.

காப்பு என்றால் விளையாட்டு இல்லை. மஞ்சள் துண்டு கோத்த நூலைப் பூசாரி ஐயாசாமி மணிக்கட்டில் கட்டிவிட்டால், திருவிழா முடிந்து அவரே அவிழ்க்கும் வரை அந்த ஆள் அம்மனுக்குச் சொந்தம். ஒரு வேளைச் சோறு, அதுவும் மரக்கறி. படுக்கை கோயில் கொட்டகையில். பெண்டாட்டி முகத்தைத் தூரத்திலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். காப்பு கட்டியவன் மட்டுமல்ல, தோட்டத்து ஜனம் யாருமே எல்லைக் கல்லைத் தாண்டி வெளியே போய்த் தங்கக் கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் தீட்டு. காப்புக்காரன் வீட்டில் பிள்ளை பிறந்தாலோ, பெண்ணுக்கு வேறு தீட்டுப் பட்டாலோ, அவன் கையில் இருப்பது வெறும் நூல்தான். வேண்டுதல் அதோடு போயிற்று.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இது தெரியாதவர்களுக்குத் தனலெட்சுமி செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். நான் இருந்த லயத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும், அவள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன் என்பாள்.

காப்பு கட்டி ஓரிரு நாள் ஆகியிருக்கும். வெளியே நல்ல வெயில். தனலெட்சுமியோ வீட்டுக்குள்ளே கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தாள். கதவு திறந்து மூடுகிற இடைவெளியில் பார்த்தேன். எல்லாம் பழைய சேலையைக் கிழித்த துண்டுகள். மாசமாக இருக்கிறவளுக்கு எதற்கு இத்தனை கந்தல் என்று தோன்றியது. கேட்பதற்குப் பேச்சுவார்த்தை இருந்தால்தானே.

அப்புறம் காய்ச்சல் வந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் பல் கிட்டுகிற சத்தமும், படுக்கைப் பலகை கிடுகிடுவென்று ஆடுகிற சத்தமும் எனக்குக் கேட்டன. குளிர்க்காய்ச்சல் எங்கள் தோட்டத்தில் அதிசயமில்லை. வருஷத்தில் ஒரு தடவையாவது எல்லாரையும் உலுக்கிவிட்டுத்தான் போகும். தனலெட்சுமி தானே நடந்து தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே மருந்து கொடுப்பவர் நாயர். டிரசர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் என்ன உடம்புக்கு என்று கேட்டிருக்கிறார். இவள் குளிர்க்காய்ச்சல் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாளாம். அவர் குளிர்க்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கசப்பு மருந்து, கொயினாவை ஊற்றிக் கொடுத்தார். இவள் அதை வாயில் அடக்கிக்கொண்டு வந்து லயத்து வாய்க்காலில் துப்பியதை நானே பார்த்தேன். கொயினா குடித்தால் கரு கலைந்துவிடும் என்று எங்கள் பெண்களிடையே அப்போது ஒரு பேச்சு.

மறுநாள் அவள் முகமும் கழுத்தும் சிவந்து தடித்துவிட்டன. திருவிழா நேரத்தில் உடம்பு கொதித்தால் எங்கள் ஜனம் போடுகிற கணக்கே வேறு. கடைசி வீட்டு வெள்ளையம்மா வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"காய்ச்சல் இல்லடி இது. ஆத்தா எறங்கியிருக்கா! வேண்டுதல் வெச்ச வீட்டுக்கு அவளே வந்திருக்கா!"

உடனே நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து ஏறியது. வேப்பிலை ஏறிய வீட்டில் மருந்து கூடாது, வெளியாள் நுழையக் கூடாது, தாளிக்கிற வாசனை கூடாது. இளநீரும் மஞ்சள் தண்ணீரும்தான். வெள்ளையம்மா கெட்டவள் இல்லை. ஓடி ஓடி இளநீர் வாங்கி வந்து வைத்தாள். தனலெட்சுமிக்கும் அது ரொம்ப வசதியாகப் போயிற்று என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது. யாரும் கிட்டே வரமாட்டார்கள், எதையும் கேட்கமாட்டார்கள்.

அடுத்த நாள் பால் வெட்டு முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஓடி வந்த நாய்க்கு வாங்குமே, அப்படி. நின்று கேட்டேன். அது நிற்கவே இல்லை. நடுநடுவே யாரிடமோ ஏதோ பேசினாள். வீட்டில் அவளைத் தவிர ஆள் கிடையாது. சண்டையாவது மண்ணாவது என்று வேப்பிலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

போனதுமே அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. அம்மை கண்ட வீட்டில் அப்படி நாறாது. எனக்கு அம்மை வீடு தெரியும், என் சொந்தத் தம்பியையே அப்படி வைத்துப் பார்த்திருக்கிறேன். உடம்பு சட்டி மாதிரி கொதித்தாலும் அவன் என்னை அடையாளம் தெரிந்து பேசினான். இவள் நெற்றி கொதித்தது. ஆனால் கையைத் தொட்டால் சில்லென்று, ஈரமாக இருந்தது. நகமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. வெள்ளையம்மா வைத்த இளநீர் அப்படியே இருந்தது.

"தனலெட்சுமி!"

கண்ணைத் திறந்தாள். என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள்.

"கப்பல் வந்திருச்சாம்மா?"

"கப்பலும் இல்ல, கரையும் இல்ல. நான் ராசம்மாடி. பக்கத்து வீட்டு ராசம்மா."

கொஞ்ச நேரம் ஆயிற்று அவளுக்குத் தெளிய. தெரிந்ததும் போர்வையை இழுத்து இடுப்பைச் சுற்றிக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று உறைத்தது. கயிற்றில் தொங்கிய கந்தல், இந்த நாற்றம், இந்த மறைப்பு.

"எப்பலேருந்து தண்ணி போவுது ஒனக்கு?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"ஏய், ஒன்னைத்தான். பனிக்குடம் ஒடைஞ்சு எத்தினி நாளாச்சு?"

"சத்தமா பேசாதக்கா." என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குளிர்ச்சி எனக்குத் தோள் வரை ஏறியது. "காப்பு கட்டுன அன்னைக்கே. கொஞ்சங் கொஞ்சமாத்தான் போவுது. அவரு காதுல விழுந்தா தீட்டுன்னு காப்ப அவுத்துடுவாங்க. அவுத்தா இந்தப் புள்ளயும் தங்காது. திருவிழா முடியற வரைக்கும் உள்ளயே இருந்துட்டா போதும்க்கா. நான் காலை இறுக்கிக்கிட்டுத்தான் படுத்திருக்கேன்."

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போன?"

"தெரியல."

"புள்ள அசையுதா?"

அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள்.

"தூங்குது" என்றாள்.

எழுந்து ஓடினேன்.

டிரசர் மருந்து அறையில் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நாலு பேர் காத்திருந்தார்கள், எல்லாரும் ஆண்கள். வெளியே கூப்பிட்டுக் காதோடு சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. நின்ற இடத்திலேயே, தண்ணீர் உடைந்ததையும் நாற்றத்தையும் பிள்ளை அசையாததையும் உடைத்துச் சொன்னேன். ஆண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். டிரசர் கையில் இருந்த துணியை அப்படியே போட்டுவிட்டுப் பையை எடுத்தார்.

"அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா கொயினாவா கொடுத்திருப்பேன்?" என்றார் நடந்துகொண்டே.

"ஆம்பளகிட்ட எப்படிய்யா சொல்லுவா?"

அவர் நடையை வேகமாக்கினார்.

வாசலில் வெள்ளையம்மா கையை அகல விரித்துக்கொண்டு நின்றாள். ஆத்தா இருக்கிற வீட்டுக்குள் மருந்துப் பை போனால் ஊரே அழிந்துவிடும் என்று கத்தினாள். டிரசர் சண்டை போடவில்லை. கால் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். வேப்பிலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு குனிந்து உள்ளே போய்விட்டார். கும்பிட்டுவிட்டுப் போகிறவரை என்ன செய்வதென்று வெள்ளையம்மாவுக்குத் தெரியவில்லை.

அவர் நாடி பார்த்தார், கண்ணாடிக் குச்சி வைத்துச் சூடு பார்த்தார், மூச்சை எண்ணினார். அடிவயிற்றில் லேசாகக் கை வைத்ததற்கே அவள் துடித்துவிட்டாள். கடைசியாக ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். ஓர் இடத்தில் கேட்டார், மாற்றி வைத்துக் கேட்டார், மறுபடியும் மாற்றினார். பிறகு குழலைப் பைக்குள் போட்டுவிட்டு என்னை வெளியே வரச் சொன்னார்.

"ராசம்மா, குழந்தை போயாச்சு. நேத்தோ, அதுக்கு முந்தியோ."

நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீர்க்குடம் ஒடைஞ்சு நாளானா கிருமி மேல ஏறிடும். கர்ப்பப்பையில பிடிச்சு இப்ப ரத்தத்துல கலந்திருக்கு. மலேரியான்னா குளிரும், கொதிக்கும், அப்புறம் வேர்த்து விட்டுடும். இது விடல. நாடி ஓடுது, மூச்சு ஓடுது, கை சில்லுன்னு இருக்கு, புத்தி தடுமாறுது, ஒண்ணுக்கு நின்னு போச்சு. இதெல்லாம் ஒண்ணா வந்தா ரொம்ப ஆபத்து. குழந்தை உள்ளே இருக்கற வரைக்கும் அந்த விஷம் ஊறிட்டேதான் இருக்கும். இங்க வெச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாது. இப்பவே குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போகணும். போனா அவளையாவது காப்பாத்தலாம். ஆனா ஆபரேஷனுக்குப் புருஷன் கைநாட்டு வேணும். அவன் வந்தாகணும்."

தோட்டத்துத் தொரை அந்த வாரம் சிங்கப்பூர் போயிருந்தார், அவருடைய மோட்டார்க் காடியும் கூடவே போய்விட்டது. நல்ல காலம், குளுவாங்கில் மளிகைக் கடை வைத்திருந்த அபூபக்கர் நானா அன்று திருவிழாவுக்குத் தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு லோரியில் வந்திருந்தார். முந்தின ராத்திரி பெய்த மழைச் சேற்றுக்குள் லோரி லயம் வரைக்கும் வராது. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், பெரிய பாதையான சடக்கில் நிறுத்தியிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் பாதித் தேங்காயை இறக்கிச் சாக்குகளை உள்ளே விரித்துவிட்டார்.

"நான் காப்பு கட்டல தங்கச்சி, எனக்கு எல்லை இல்ல. நீ போயி அந்தப் புள்ளையோட புருஷனக் கூட்டிட்டு வா" என்றார்.

கோயிலில் மேளத்துக்குத் தோல் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். காப்புக்காரர்கள் கொட்டகையில் மஞ்சள் வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். டிரசரும் என் பின்னாலேயே வந்தார். நான் வாசலில் நின்று வீரமுத்துவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் எழுந்தான். பூசாரி ஐயாசாமி குறுக்கே வந்தார்.

"என்னா ராசம்மா? காப்புக்காரன இப்படிக் கத்திக் கூப்பிடறது?"

"அவன் பொண்டாட்டி சாவக் கெடக்கா. தண்ணி ஒடைஞ்சு நாளாச்சு. காய்ச்சல் ரத்தத்துல ஏறிடுச்சு."

"வாயக் கழுவு! கோயில் வாசல்ல நின்னு பேசற பேச்சா இது?"

"அம்மனும் பொம்பளதானே பூசாரி? அவளுக்குத் தெரியாத சங்கதியா நான் சொல்லிட்டேன்?"

மேளம் காய்ச்சியவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயாசாமி முகம் கறுத்துவிட்டது. வீரமுத்து என்னைப் பார்க்கவில்லை, டிரசரைத்தான் பார்த்தான்.

"புள்ள?" என்றான்.

டிரசர் தலையை ஆட்டினார். "நெஞ்சுச் சத்தம் இல்லப்பா."

"எப்பலேருந்து?"

"நேத்து இருக்கலாம். முந்தாநாளாவும் இருக்கலாம்."

வீரமுத்து தன் மணிக்கட்டைப் பார்த்தான். நூல் புதுசாக, மஞ்சள் கலையாமல் இருந்தது. ஒரு வேளைச் சோறு தின்று, தரையில் படுத்து, ஒன்றும் குறை வைக்காமல் அவன் காத்த காப்பு. அது கையில் இருக்கும்போதே பிள்ளை போய்விட்டது.

"அவுத்துடுங்க பூசாரி" என்றான்.

"நடுவுல அவுக்கற அதிகாரம் எனக்கு இல்லடா." ஐயாசாமியின் குரல் உடைந்திருந்தது. "நான் கட்டிவிடற கைதான். கட்டினவ உள்ள இருக்கா."

வீரமுத்து கையைத் தூக்கி அந்த நூலைப் பல்லால் கடித்தான். சட்டென்று அறவில்லை, திரும்பத் திரும்பக் கடித்தான். அறுந்ததும் அதை வாசற்படியில் வைத்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்தபோது என்னிடம் சொன்னான்: "புள்ள போனத அவகிட்ட இப்ப சொல்லாதக்கா." அவன் என்னிடம் பேசிய அதிகப்படியான பேச்சு அன்றுவரை அதுதான்.

லயத்துக்கு ஓடி வந்து, வீட்டுக் கதவைக் கழற்றி அதில் தனலெட்சுமியைப் படுக்கவைத்தோம். தூக்குவதற்கு ஆள் வேண்டும். முன்பக்கம் வீரமுத்துவும் டிரசரும் பிடித்தார்கள், பின்பக்கம் ஒரு முனையை நான் பிடித்தேன். நாலாவது முனைக்கு ஒருத்தரும் வரவில்லை. தீட்டு, காப்பு, ஆத்தா என்று எல்லாரும் பயந்து எட்டி நின்றார்கள். அப்போது ஐயாசாமி வந்து குனிந்து அந்த முனையைத் தூக்கினார். திருவிழாவுக்குப் பூசை செய்ய வேண்டிய கை. எல்லைக் கல் வரை சேற்றில் எங்களோடு நடந்தார். அங்கே அபூபக்கர் நானா அந்த முனையை வாங்கிக்கொண்டார். ஐயாசாமி நேராக ஆற்றுக்குத் தலை முழுகப் போனார்.

லோரியில் டிரசர் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வாய் நனைகிற அளவு தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கை காலைத் தேய்த்துச் சூடு பண்ணச் சொன்னார். தூங்க விடாமல் பேச்சுக் கொடு என்றார். பேசுவது எனக்கு ஒரு வேலையா? பைப்படிச் சண்டையை முதலிலிருந்து எடுத்துப் பேசினேன். குளுவாங் போகும் வழியில் ஓர் இடத்தில் அவள் கண்ணைத் திறக்காமலே, "நீதான் என் மொறயில பூந்த" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வீரமுத்து விரலில் மை பூசி உருட்டினான். அவன் மணிக்கட்டில் நூல் இருந்த இடத்தில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது. பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. துணியில் சுற்றிக் கொடுத்தபோது வீரமுத்து அதை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அவனும் அபூபக்கர் நானாவும் போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அப்புறம் பல நாள் அவள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கிடந்தாள். கையில் ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏறியது. புதிதாகச் சிவப்பு மருந்து ஒன்று வந்திருக்கிறது, முன்பு இந்த மாதிரி கேஸ் பிழைப்பதே அபூர்வம், இப்போது ஒரு வழி இருக்கிறது என்று டாக்டர் டிரசரிடம் சொன்னார். அந்த மருந்தைக் குத்த ஆரம்பித்ததும் அவள் தோல்கூடச் சிவப்புத் தட்டியது. போன மூத்திரமும் சிவப்பு. நான் இரத்தம்தான் போகிறது என்று கூச்சல் போட்டு நர்ஸிடம் திட்டு வாங்கினேன். மருந்தின் சாயமாம் அது. மூத்திரம் போகிறதே என்று சந்தோஷப்படு என்றாள்.

ஒருநாள் காலையில் அவள் கை சூடாக இருந்தது. காய்ச்சல் சூடு இல்லை, சாதாரண மனிதக் கையின் சூடு. நகத்தில் நீலம் இல்லை. என்னைப் பார்த்து "அக்கா" என்றாள். வயிற்றைத் தடவிப் பார்த்தாள். நாங்கள் ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். கஞ்சி கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பால் கொடுத்தால் துப்பிவிடுவாள். வலுக்கட்டாயமாக ஊட்டினால் உதட்டின் ஓரத்தில் வழியும். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, விஷம் இறங்கிவிட்டது, ஆனால் இப்படிச் சாப்பிடாமல் கிடந்தால் இந்த உடம்பு தாங்காது, எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லைக் கல்லைத் தாண்டி, இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்த உயிர், கஞ்சிக் கிண்ணத்துக்கு முன்னால் போய்விடும்போல் இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் வீரமுத்து கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தேன். அவளே பேச்சை எடுத்தாள். குரல் காற்று மாதிரி வந்தது.

"நாந்தான் கொன்னுட்டேன்."

"என்னாடி பேசற?"

"தண்ணி ஒடைஞ்சத அன்னைக்கே சொல்லியிருந்தா பொழச்சிருக்கும். டிரசரு ஒங்கிட்ட சொன்னது பலகை வழியா என் காதுல விழுந்துச்சு. மறைச்சு வெச்சு நாந்தான் கொன்னுட்டேன். எனக்குக் கஞ்சி வேணாம்." பிறகு புருஷனைப் பார்த்தாள். "நீ காப்ப சுத்தமா வெச்சிருந்த. நாந்தான்..."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. டிரசர் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. மறைத்ததால்தான் வினை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைக்காகத்தானே காலை இறுக்கிக்கொண்டு கிடந்தாள்? இந்த நியாயத்தையெல்லாம் கேட்கிற நிலைமையில் அவள் இல்லை.

வீரமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்தான்.

"நான் சுத்தமா வெச்சிருக்கல" என்றான்.

அவள் அவனையே பார்த்தாள்.

"காப்பு கட்டுன அன்னைக்கே கெடுத்துட்டேன். ஓடையாண்ட மலாய்க்காரங்க கம்பத்து ஆளு ஒருத்தன் சோறு தின்னுக்கிட்டிருந்தான். கருவாடு. எனக்குப் பசி தாங்கல. கேட்டு வாங்கித் தின்னுட்டேன். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். கைய மண்ணுல தேய்ச்சிக் கழுவிட்டுக் கொட்டகையில வந்து படுத்துட்டேன். அதுக்கப்புறந்தான் ஒனக்குத் தண்ணி ஒடைஞ்சிருக்கு. ஆத்தா என்மேல இருந்த கோவத்துல எடுத்துக்கிட்டா. நீ சொல்லியிருந்தாலும் நின்னிருக்காது."

அதிர்ந்து பேசத் தெரியாதவன், ஒரு சொல் தடுமாறாமல் அத்தனையையும் சொன்னான். நான் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். வீரமுத்து அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை என்று பூசாரியே மெச்சிக்கொண்டது எனக்குத் தெரியும். இவள் நாளை லயத்துக்குத் திரும்பினால் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டாள் என்பதும், காப்போடு கருவாடு தின்றவன் என்ற பேர் இவன் சாகிறவரை போகாது என்பதும், இவன் கையில் இனி எந்தப் பூசாரியும் நூல் கட்டமாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருந்தது. அதை அவன் முகத்தில் பார்த்தேன்.

தனலெட்சுமி என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீ பொய் சொல்லமாட்ட. மூஞ்சிக்கு நேரா சொல்றவ நீ. இவரு சொல்றது நெசமா?"

கோயில் வாசலில் அத்தனை ஆண்களுக்கு முன்னால் கூசாமல் பேசிய வாய் இது. அந்த வாயை ஒரு பொய்க்குத் திறப்பதற்கு அன்று எனக்கு அவ்வளவு பாடாக இருந்தது.

"நெசந்தான்டி. லயத்துல பேசிக்கிட்டாங்க. நான் காதால கேட்டேன்."

அவள் கண் மெதுவாக நிறைந்தது. நிறைந்து வழிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவள் அழுத முதல் அழுகை. பிறகு பலம் இல்லாத கையைத் தூக்கிப் புருஷனின் நெஞ்சில் அடித்தாள். அது அவனுக்கு வலித்திருக்காது. ஆனாலும் அவன் இன்னும் கிட்டே குனிந்து கொடுத்தான்.

"பாவி! ஒரு வாரம்! ஒரே ஒரு வாரம் நாக்கக் கட்ட முடியலையா ஒனக்கு? எம்புள்ளடா!"

கட்டில் கட்டிலாகத் தலைகள் திரும்பின. அவள் திட்டிக்கொண்டே இருந்தாள், அவன் அப்பன், பாட்டன், அவர்கள் ஏறி வந்த கப்பல் எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினாள். மூச்சு வாங்கியபோது நான் ஒரு கரண்டிக் கஞ்சியை வாயருகே கொண்டுபோனேன். அவனை முறைத்துக்கொண்டே விழுங்கினாள். அடுத்த கரண்டியையும் விழுங்கினாள்.

வீரமுத்து கட்டில் ஓரத்தில் தலையைக் குனிந்து நின்றபடி, அவள் கிண்ணத்தைக் காலி செய்கிறவரை எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டிருந்தான்.